மாப்பிள்ளை எதுவுமே செய்யவில்லை, ஐயா

சென்ற மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி பட்டா, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம். அவற்றையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம்தான் காரணம். அதற்கு விடை எழுத உட்கார்ந்தபோது, அதே கயிற்றின் வேறு முனைகளைப் பிடித்திருந்த சில கேள்விகளும் கட்டுக்குள் கிடந்தன. சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்கச் சட்டம் பேச உனக்கு என்ன தகுதி என்று சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்து நண்பர்கள் கேட்பார்கள். வட ஆர்க்காடு பிரியாமல் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் கறுப்பு அங்கி மாட்டியவன் நான். மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். பேத்தியைப் பார்க்கப் போன இரண்டு முறையும் நூவர்க் நகரத்து ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்தில் பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு வீட்டில் திட்டு வாங்கியவன். அங்கே வழக்கு நடத்தும் உரிமை எனக்குக் கிடையாது. ஆகவே நான் எழுதுவதை விளக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கை நடத்த வேண்டியவர் அங்குள்ள வழக்கறிஞர்.

கேள்வி: என் மகள் டெக்சாஸ் மாகாணத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை, கணினி ஆட்களை மற்ற கம்பெனிகளுக்கு அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தில் அலுவலகப் பொறுப்பாளர். அதன் முதலாளி, இல்லாத வேலையை இருப்பதாகக் காட்டி எச்-1பி விசாவுக்கு விண்ணப்பித்தாராம். முதலாளி சொன்னபடி அந்தக் கடிதங்களை மாப்பிள்ளை இரண்டு மூன்று தடவை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார். விசாவும் கிடைக்கவில்லை, விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. ஆனாலும் சதி வழக்குப் போட்டுக் கைது செய்துவிட்டார்கள். ஜாமீனும் கிடைக்கவில்லை. சிறையிலிருந்து போனில் பேசுகிறார். எதுவுமே நடக்காதபோது, எதுவுமே செய்யாதவர் மீது எப்படி ஐயா வழக்கு?
*- பெயர் வேண்டாம், குடியாத்தம்*

பதில்: அம்மா, ‘எதுவுமே நடக்கவில்லை’, ‘எதுவுமே செய்யவில்லை’ என்ற இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். அவற்றைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது அங்கே செல்லாது. இரண்டாவதில் உயிர் இருக்கலாம்.

நம் ஊரில் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு மனம் மாறினால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம். பேச்சு வரும், போகும். சதிச் சட்டத்தில் தாம்பூலம் மாற்றியதே குற்றம். கல்யாணமும் நடந்துவிட்டால் அது இன்னொரு குற்றம், தண்டனையும் தனி. அமெரிக்க மத்திய அரசின் குற்றச் சட்டங்கள் 18-ஆம் தொகுப்பில் இருக்கின்றன. அதன் 371-ஆம் பிரிவு, இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஒரு மத்தியக் குற்றத்தைச் செய்ய உடன்பட்டு, அவர்களில் யாராவது ஒருவர் அதை நோக்கி வெளிப்படையாக ஒரு செயலைச் செய்தாலே போதும் என்கிறது. அந்தச் செயல் தன்னளவில் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு போன் அழைப்பு போதும். ஒரு மின்னஞ்சல் போதும். அதை உங்கள் மாப்பிள்ளைதான் அனுப்பியிருக்க வேண்டும் என்பதும் இல்லை, முதலாளி அனுப்பியிருந்தாலும் கணக்குதான்.

விசா கிடைக்கவில்லையே என்ற வாதத்தை 2003-ஆம் ஆண்டு ஹிமெனெஸ் ரெசியோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பார்த்தாகிவிட்டது. போதைப்பொருள் ஏற்றிய ஒரு டிரக்கை நெவாடாவில் போலீசார் பிடித்துவிட்டார்கள். பிடித்ததைச் சொல்லாமல், அது போய்ச் சேர வேண்டிய ஐடஹோ மாகாணத்து அங்காடிக்கே ஓட்டிச்சென்று நிறுத்தினார்கள். வண்டியை எடுக்க வந்தவர்கள் சிக்கினார்கள். சரக்கு போலீஸ் கையில் சிக்கியபோதே சதி முடிந்துவிட்டது, அதன் பிறகு வந்தவர்கள் எப்படிச் சதிகாரர்கள் ஆவார்கள் என்று அவர்கள் தரப்பு கேட்டது. நோக்கம் நிறைவேற வழியில்லாமல் போனதால் மட்டும் சதி கலைந்துவிடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காசு நஷ்டமில்லை என்பதும் குற்றமில்லை என்று காட்ட உதவாது. 371-ஆம் பிரிவில் ‘அரசை ஏமாற்றும் சதி’ என்று இன்னொரு கிளை இருக்கிறது. பணம் பறிப்பது மட்டும் ஏமாற்று அல்ல, அரசு அலுவலகம் தன் முறையான வேலையைச் செய்யவிடாமல் பொய்யால் தடுப்பதும் ஏமாற்றுதான் என்று 1924-ஆம் ஆண்டே தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் இந்த நஷ்டக் கணக்கை மறந்துவிடாதீர்கள். வேறோர் இடத்தில் தேவைப்படும்.

இனி உங்கள் இரண்டாவது வாதம். உடன்பாடு என்றால் மனம் அறிந்து சேர வேண்டும். அந்தக் கடிதங்களில் இருந்த வேலை இல்லாத வேலை என்று மாப்பிள்ளைக்குத் தெரியுமா? தெரிந்தே அந்தக் காரியம் நிறைவேற வேண்டும் என்று சேர்ந்தாரா? இதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய சுமை அரசுடையது. சதியின் எல்லா விவரமும், எல்லா ஆட்களும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாரம் தெரிந்திருந்தால் போதும் என்பார்கள். ஆனால் சாரமே தெரியாமல், முதலாளி தட்டச்சு செய்யச் சொன்னதைத் தட்டச்சு செய்தவர் சதிகாரர் ஆகமாட்டார். வழக்கின் உயிர்நிலை இந்த இடம்தான். அந்த மின்னஞ்சல்களில் மாப்பிள்ளை தம் கைப்பட என்ன எழுதினார் என்று பாருங்கள். ‘இணைத்துள்ளேன்’ என்ற ஒரு வரியா, ‘இவர்கள் சரிபார்க்கமாட்டார்கள், கவலை வேண்டாம்’ என்ற வரியா?

முதலாளி வேறு பல ஊர்களில் வேறு பலரோடு செய்ததையெல்லாம் ஒரே சதி என்று மாப்பிள்ளை தலையில் சுமத்தியிருந்தால் அதையும் எதிர்க்கலாம். 1946-இல் கோட்டியாகோஸ் என்றொரு வழக்கு. வீட்டுக் கடன் வாங்கித் தரும் தரகர் ஒருவர் நடுவில். அவரோடு தனித்தனியே பேரம் பேசிய பலர் சுற்றிலும். எல்லோரையும் ஒரே சதி என்று கட்டிவிட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் இருக்கிறது, ஆரக்கால்கள் இருக்கின்றன. ஆரக்கால்களை ஒன்றோடொன்று இணைக்கும் வட்டை இல்லையென்றால் அது சக்கரமே இல்லை.

அரசுத் தரப்புக்கு இந்தக் குற்றச்சாட்டு ஏன் இத்தனை பிடிக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். சதி உண்டு என்று நீதிபதிக்குப் போதிய அளவு காட்டிவிட்டால், சதி நடந்துகொண்டிருந்தபோது அதன் பொருட்டு ஒருவர் சொன்னது மற்றவருக்கு எதிராகச் சாட்சியம் ஆகும். முதலாளி யாருக்கோ எழுதிய மின்னஞ்சலை மாப்பிள்ளைக்கு எதிராக வாசிக்கலாம். லேர்னட் ஹேண்ட் என்ற புகழ்பெற்ற நீதிபதி 1925-லேயே, அரசு வழக்கறிஞரின் தொட்டிலில் வளரும் செல்லக்குழந்தை இது என்று கிண்டலாக எழுதிவைத்தார். குழந்தைக்கு நூறு வயது ஆகிவிட்டது, செல்லம் குறையவில்லை. முதலாளியே குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனைக் குறைப்புக்காக மாப்பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருவதும் அங்கே அன்றாடக் காட்சி. நம்மூர் அப்ரூவர்தான், கோட்டு போட்ட அப்ரூவர்.

மாப்பிள்ளையிடமும் ஒப்புக்கொள்ளும்படி பேரம் வரும். மத்திய வழக்குகளில் தண்டனை பெறுகிறவர்களில் 97 சதவீதம் பேர் இப்படி ஒப்புக்கொண்டவர்கள் என்று 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. நூவர்க்கில் அப்படி ஒரு காட்சியை நேரில் பார்த்தேன். நீதிபதி, குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேராகக் கேட்கிறார்: எதுவரை படித்தீர்கள்? இன்று மாத்திரை ஏதும் சாப்பிட்டீர்களா? யாராவது மிரட்டினார்களா? என்ன செய்தீர்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நம் நீதிமன்றங்களில் ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா’ என்ற ஒரே கேள்வியில் அபராத வழக்குகள் முடிவதைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த அரை மணி நேரம் நீளமாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்விகள் முடிந்துவிட்டால் திரும்பி வருவது மிகக் கடினம்.

ஆகவே அதற்கு முன்னால் ஒரு கேள்வியை வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்லுங்கள்: ஒப்புக்கொண்டால் நாடு கடத்துவார்களா? இதைப் பற்றித் தம் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் பதில்லா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. நான் மறக்க வேண்டாம் என்ற நஷ்டக் கணக்கு இங்கேதான் வருகிறது. மோசடிக் குற்றத்தில் நஷ்டம் 10,000 டாலரைத் தாண்டினால், குடிபுகல் சட்டம் அதைக் கொடுங்குற்ற வரிசையில் வைக்கிறது. அதே வரிசையில் முயற்சியும் சதியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. நாடு கடத்த வேறு வாசல்களும் அந்தச் சட்டத்தில் உண்டு. எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று நிலத்தை விற்றுவிடாதீர்கள். 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்ட வசதியற்றவருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை அமர்த்தும். குடியுரிமை இல்லாதவருக்கும் அது பொருந்தும். அப்படி அமர்த்தப்படும் வழக்கறிஞர்களில் பலர் மத்திய வழக்குகளை மட்டுமே நடத்திப் பழகியவர்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கேட்கும் உரிமையும் 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி மாப்பிள்ளைக்கு உண்டு.

கடைசியாக, சிறையிலிருந்து வரும் போன். வழக்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் பேச வேண்டாம். அந்த அழைப்புகள் பதிவாகும். தமிழில் பேசினால் புரியாது என்று நினைக்காதீர்கள், மொழிபெயர்க்க ஆள் வைப்பார்கள். ‘அந்த லேப்டாப்பை எங்கே வைத்தாய்’ என்று நீங்கள் அக்கறையாகக் கேட்டாலும் அது இன்னொரு குற்றச்சாட்டுக்கு முதல் வரியாகலாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, குழந்தை நடக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆயத்தத்துக்கும் முயற்சிக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது? இந்திய முறைக்கும் அமெரிக்க முறைக்கும் வித்தியாசம் உண்டா?
*- சட்டக் கல்லூரி மாணவர், காட்பாடி*

பதில்: தம்பி, தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று தெரிகிறது. விடையை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் ஊருக்கு வடக்கே கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடி. அதைத் தாண்டினால் ஆந்திரம். அரிசி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அனுமதியின்றி எல்லை தாண்டப் புறப்பட்டு, குடியாத்தம் சாலையிலேயே பிடிபடுகிறது என்று வையுங்கள். (ரேஷன் அரிசியாக இருந்தால் வைத்திருப்பதே குற்றம், அது வேறு கதை.) மல்கியத் சிங் வழக்கு இதே வார்ப்புதான். பஞ்சாபிலிருந்து நெல் ஏற்றி வந்த லாரி, தில்லி எல்லைக்கு வெகு முன்பே சமால்கா தடுப்பில் மறிக்கப்பட்டது. இது ஆயத்தம்தான், முயற்சி அல்ல என்று 1968-இல் நம் உச்ச நீதிமன்றம் கூறியது. எல்லைக்குப் போகும் வழியில் மனம் மாறித் திரும்பியிருக்கலாமே என்பது காரணம். 1980-இல் முகமது யாகூப் வழக்கில் கடற்கழி ஓரம், நள்ளிரவு, வெள்ளிக் கட்டிகள், தண்ணீரில் இயந்திரப் படகின் சத்தம். வெள்ளி படகில் ஏறவில்லை. ஆனாலும் முயற்சி என்றது நீதிமன்றம். மீதித் தூரம் எவ்வளவு என்பதைப் பார்த்த கண், நோக்கம் எவ்வளவு வெளிச்சமாகிவிட்டது என்பதைப் பார்க்கத் தொடங்கியது என்று நான் படிக்கிறேன்.

அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்கள் இந்த இரண்டாவது கண்ணைத்தான் பெரிதும் நம்புகின்றன. அங்கே சட்ட அறிஞர்கள் 1962-இல் வெளியிட்ட மாதிரித் தண்டனைத் தொகுப்பிலிருந்து ‘கணிசமான அடி’ என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். இன்னும் என்ன பாக்கி என்று கேட்பதில்லை. இதுவரை செய்தது அவன் எண்ணத்தை உறுதிப்படுத்துகிறதா என்று கேட்கிறார்கள். 1976 ஜூன் மாதம் புரூக்ளினில் ஒரு கும்பல் ஒரு வங்கியைக் குறிவைத்தது. ஒரு திங்கட்கிழமை போனார்கள், சரிப்படவில்லை என்று அடுத்த திங்களுக்குத் தள்ளிப்போட்டார்கள். இடையில் கும்பலைச் சேர்ந்த பெண் வேறொரு வழக்கில் பிடிபட்டுத் திட்டத்தைச் சொல்லிவிட்டாள். அடுத்த திங்கள் கும்பல் வங்கியைச் சுற்றிச் சுற்றி வந்தது. மறைந்திருந்த அதிகாரிகளைக் கண்டதும் வண்டியைத் திருப்பியது. பிடித்துப் பார்த்தால் குழல் அறுத்த துப்பாக்கிகள், பொம்மைத் துப்பாக்கி, கைவிலங்கு, முகமூடி, அட்டையில் செய்த போலி எண் பலகை. வங்கிக் கதவை ஒருவன்கூடத் தொடவில்லை. முயற்சிக் குற்றம் உறுதியானது, அதுவும் இரண்டு திங்களுக்கும் தனித்தனியாக! நம் சமால்கா அளவுகோலை வைத்திருந்தால் முதல் திங்களிலாவது தப்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொரு வித்தியாசம் மாணவர்கள் கோட்டைவிடுவது. நம் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 62-ஆம் பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 511, தனியாகச் சொல்லப்படாத முயற்சிகளுக்கெல்லாம் பொதுவானது. தண்டனையும் உச்ச அளவில் பாதிவரைதான். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் அப்படிப் பொதுப் பிரிவே கிடையாது. ஒவ்வொரு குற்றப் பிரிவும் ‘செய்தாலும் செய்ய முயன்றாலும்’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முயற்சி குற்றமல்ல. சொன்ன இடங்களில் பெரும்பாலும் முழுக் குற்றத்துக்குள்ள அதே உச்சத் தண்டனை.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வெல்லம் மொத்தமாக வாங்கிப் போகிறவர் மலையில் சாராயம் காய்ச்சுகிறார் என்று ஊரில் பேச்சு. போலீசார் வந்து என்னையும் விசாரித்தார்கள். வெல்லம் விற்றது சதியா? அமெரிக்காவில் இப்படியெல்லாம் கடைக்காரரைத் தொல்லை செய்யமாட்டார்கள் என்று தம்பி மகன் சொல்கிறான்.
*- வி.கே., ஒடுகத்தூர்*

பதில்: தம்பி மகனிடம் சொல்லுங்கள்: செய்தார்கள், உச்ச நீதிமன்றம்வரை இழுத்தார்கள். நியூயார்க் மாகாணத்தில் யூட்டிகா என்று ஓர் ஊர். கள்ளச்சாராயம் காய்ச்சியவர்களுக்குச் சர்க்கரையும் ஈஸ்டும் தகர டின்களும் விற்ற வியாபாரிகளையும் சதியில் சேர்த்தார்கள். 1940-இல் ஃபால்கோன் வழக்கில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வாங்குகிறவர் காய்ச்சுகிறார் என்று தெரிந்து விற்றிருந்தாலும், அவருக்குப் பின்னால் இருந்த சதியை அறியாத கடைக்காரர் அதில் பங்காளி அல்ல.

மகிழ்ச்சியோடு கடிதத்தை மடித்துவிடாதீர்கள். மூன்றே ஆண்டில், 1943-இல், இன்னொரு வியாபாரி மாட்டினார். தபாலில் மருந்து விற்கும் நிறுவனம். தெற்குக் கரோலினாவில் ஒரு சிற்றூர் மருத்துவருக்கு, எந்த ஊர் நோயாளிகளுக்கும் தேவைப்படாத அளவு மார்ஃபின் மாத்திரைகளை மாதாமாதம், வருடக்கணக்கில், தள்ளுபடி கொடுத்து ஊக்கப்படுத்தி அனுப்பியது. சரக்கின் தன்மை, அளவு, ஊக்கம், நீடித்த உறவு எல்லாம் சேர்ந்தபோது, அறிவு உடன்பாடாகக் கனிந்துவிட்டது என்று தண்டனை உறுதியானது. வெல்லம் பொங்கலுக்கும் ஆகும். மார்ஃபின் அப்படியல்ல.

நம் நாட்டிலும் அறிந்திருப்பது வேறு, உடன்படுவது வேறு. வேலூர்க்காரர்களுக்கு இதற்கு நெருக்கமான சாட்சி உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் விசாரணை நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. சதிகாரரோடு பழகியதோ, சதி நடப்பதை அறிந்திருந்ததோ மட்டும் ஒருவரைச் சதிகாரர் ஆக்காது, உடன்பாடு வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் விதிகளில் ஒன்று. எஞ்சிய 7 பேரில் சிலர் நம் தொரப்பாடி சிறையில் ஆண்டுக்கணக்கில் இருந்ததும், 2022 நவம்பரில் விடுதலையானதும் உங்களுக்குத் தெரிந்ததே.

உங்களுக்கு என் யோசனை: பில் போடுங்கள். அந்த ஆளுக்குக் கடன் கொடுக்காதீர்கள், இரவில் கடையைத் திறந்து எடை போடாதீர்கள், சந்தை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள். கூடுதல் விலைதான் கடைக்காரரைப் பங்குதாரர்போலக் காட்டும். சதி இல்லாவிட்டாலும் உடந்தை என்று வேறு பிரிவில் உங்களை அழைக்க முடியும் என்பதால் இன்னும் நல்லது, அவருக்கு விற்காமலேயே இருப்பது.

கேள்வி: காலி மணிபர்சைத் திருடப் போனவனுக்கும் தண்டனை உண்டா?
*- ஏ.ஜே., ஆம்பூர்*

பதில்: உண்டு. 1860-இல் எழுதிய சட்டத்திலேயே அந்த உதாரணம் இருக்கிறது: சட்டைப்பையில் கைவிட்டான், பை காலி, குற்றவாளிதான். புதிய சன்ஹிதாவிலும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதன் ரசமான தலைகீழ் ஒன்று நடந்தது. ஒவியேதோ என்பவர் ஒரு பவுண்டு ஹெராயின் என்று சொல்லி மாறுவேட அதிகாரிக்கு விற்றார். வீட்டைச் சோதித்தால் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இன்னும் ஒளித்துவைத்திருந்தார். ஆய்வகம் சொன்னது: ஹெராயினே அல்ல, மரத்துப்போகச் செய்யும் புரோக்கைன், அன்று தடைசெய்யப்படாத பொருள். ஹெராயின் என்று நம்பித்தான் விற்றார் என்று ஜூரி தண்டித்தது. 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஒருவன் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு அவன் மனமே சாட்சியாக இருக்கக்கூடாது, வெளியே தெரியும் செயல் அதைக் காட்ட வேண்டும் என்பது சாரம். பின்னர் வந்த பல நீதிமன்றங்கள் இவ்வளவு தாராளம் காட்டவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஒளித்ததே போதாதா என்று எனக்கும் தோன்றுகிறது. ஏமாற்றி விற்பதற்கான சரக்கையும் ஒளித்துத்தானே வைப்பான் என்று என் குமாஸ்தா குறுக்கே வந்தார். வயதில் சிறியவர், வாதத்தில் பெரியவர்.

கேள்வி: இரண்டு பேர் சேர்ந்தால்தான் சதி என்றால், இரண்டாவது ஆள் மாறுவேடப் போலீசாக இருந்தால்?
*- ஆர்க்காடு வாசகர்*

பதில்: சதி ஆகாது. அரசின் ஆளோடு மட்டும் செய்த உடன்பாடு உடன்பாடே அல்ல என்று அமெரிக்காவில் 1965-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது நிலைத்துவிட்டது. அவர் மனத்தில் சம்மதம் இல்லையே. ஆனால் முயற்சிக்கு இரண்டாவது ஆள் தேவையில்லை. அதில் பிடிப்பார்கள்.

கேள்வி: சேர்ந்துவிட்டு மனம் மாறியவனுக்கு மன்னிப்பே இல்லையா?
*- ஓய்வுபெற்ற ஆசிரியர், ராணிப்பேட்டை*

பதில்: சீட்டில் சேர்ந்தவர் அடுத்த மாதத்திலிருந்து ஏலத்துக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டால் சீட்டிலிருந்து விலகியதாக ஆகுமா? ஆகாது. அமெரிக்கச் சதிச் சட்டத்திலும் அப்படித்தான்.

பிங்கர்டன் சகோதரர்கள் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள், 1946. வால்ட்டர், டேனியல் என்று அண்ணன் தம்பி. வரி கட்டாத விஸ்கிதான் தொழில். வால்ட்டர் செய்த குற்றங்களுக்காக டேனியலும் தண்டிக்கப்பட்டார். அவற்றில் சிலவற்றை வால்ட்டர் செய்தபோது டேனியல் வேறொரு வழக்கில் சிறைக்குள் இருந்தார்! மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரட்லெட்ஜ் இதைச் சுட்டிக்காட்டியும் பெரும்பான்மை அசையவில்லை. சதியில் தொடரும்வரை, சதிக்காகக் கூட்டாளி செய்வதும், முன்கூட்டியே எதிர்பார்க்கத்தக்கதாக இருந்தால், உன் கணக்கில் என்பது அங்கே பிங்கர்டன் விதியாகிவிட்டது. 2013-இல் ஸ்மித் என்பவர், சதியின் கடைசி ஆறு ஆண்டும் நான் சிறையில் இருந்தேன் என்றார். விலகினேன் என்று காட்டும் பொறுப்பு உன்னுடையது, சிறையில் இருந்தது விலகல் ஆகாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

விலக வேண்டுமானால் ஏதாவது செய்ய வேண்டும்: கூட்டாளிகளுக்குத் தெளிவாகச் சொல்லுவது, அல்லது அதிகாரிகளிடம் போவது. 371-ஆம் பிரிவில், யாரும் முதல் செயலைச் செய்வதற்கு முன்பே விலகிவிட்டால் முழுமையாகத் தப்பிக்கலாம். அதற்குப் பிறகு விலகினால் சதிக் குற்றம் நிற்கும். மற்றவர்கள் பின்னால் செய்பவை மட்டும் கணக்கில் ஏறா, வழக்குத் தொடரும் ஐந்து ஆண்டுக் கெடுவும் விலகிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும்.

அதிகாரிகளிடம் போவது என்று எழுதும்போது நம் வேலூர்க் கோட்டை நினைவுக்கு வருகிறது. 1806 ஜூலை 10 எழுச்சிக்குச் சில வாரங்கள் முன்பே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தம் மேலதிகாரியிடம் போய் நடக்கப்போவதைச் சொன்னார். நம்பவில்லை, பைத்தியம் என்று விலங்கு போட்டு அடைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு பரிசும் ஓய்வூதியமும் கொடுத்தார்கள். ஊர் அவரைத் துரோகி என்றது, கம்பெனி விசுவாசி என்றது. சட்டப்படி பார்த்தால் அவர் செய்தது சுத்தமான விலகல்.

குடியாத்தம் அம்மாவுக்கு மறுபடியும்: குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் கிராண்ட் ஜூரி பிறப்பித்த குற்றப்பத்திரிகையின் நகலை மகளிடம் கேளுங்கள். பெரும்பாலும் பொது ஆவணம்தான், வழக்கறிஞர் தருவார். அதன் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ பிரிவு எண்கள் இருக்கும். 371 என்றால் உச்சம் ஐந்து ஆண்டு. 1349 என்றால், அது மின்தொடர்பு மோசடிக்கான சதி, 2002-ஆம் ஆண்டு கொண்டுவந்த பிரிவு. உச்சம் இருபது ஆண்டு, வெளிப்படைச் செயல் என்று ஒன்றை நிரூபிக்க வேண்டும் என்ற வாசகமும் அந்தப் பிரிவில் கிடையாது. 1546 இருந்தால் விசா மோசடியே தனியாகச் சேர்ந்திருக்கிறது என்று பொருள், சாதாரணமாகப் பத்து ஆண்டுவரை. எண்ணைக் கண்டதும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள்; மாப்பிள்ளை பெயரோ கம்பெனி பெயரோ வேண்டாம், எண் மட்டும் போதும்.